ம் கொட்டும் படித்துறை

பொய் சொல்ல ஒரு நனைந்த கல்லாவது வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குற்றாலிங்கம் வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார், உட்காரும்போது இடது முழங்கால் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு முனகல் போட்டது, காய்ந்த தரையில் சொன்ன பொய் எதுவும் அவருக்கு இதுவரை தழைத்ததில்லை, வீட்டு ஹாலில் சோபாவில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாயிற்று, மொசைக் தரையில் என்ன முளைக்கும், மருமகள் நல்ல பெண், மரியாதை தெரிந்த பெண், ஆனால் அவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்னாலேயே "அப்படியா மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள், அப்படியா என்பது ம் இல்லை, அப்படியா என்றால் கதவைச் சாத்துகிறோம் என்று அர்த்தம், மகனோ காதுக்குள் வெள்ளைப் பூண்டுப் பல் மாதிரி ஒன்றைச் செருகிக்கொண்டு யாரோடோ பேசியபடி வீடு முழுக்க நடப்பான், பாளையங்கோட்டையில் ம் கொட்டத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிச்சம் இருப்பவன் ஆவுடையப்பன் ஒருத்தன், அவனும் ஜாம்ஷெட்பூரில் இரும்போடு இரும்பாக வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டவன், பல வருஷம் கழித்து ஒரு வாரத்துக்கு வந்திருக்கிறான், நாளைக்குக் காலையில் அவனுக்கு ரயில். வந்த அன்றைக்கே சொல்லிவிட்டான். "ஏல குத்தாலம், ஆத்தங்கரையில பழைய ஊரா பாத்து தினம் ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போ. காலையில போவோம், பொழுது சாய வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு. நீ வாயை மூடாம வரணும். அது ஒண்ணுதான் கண்டிசன்." வாயை மூடாமல் வரவேண்டுமாம். மழையைப் பார்த்து நனைக்கக் கூடாதா என்று கேட்டது மாதிரி. அன்றைக்கு ராத்திரி குற்றாலிங்கம் தூக்கம் வராமல் புரண்டு புரண்டு ஊருக்கு ஒரு கதையாக மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டார், கல்யாணத்துக்கு முந்தின நாள் புடவை அடுக்குகிற பெண்ணைப் போல.

அப்படித்தான் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தூண் மட்டும் மழைக்கு முந்தின நாள் வேர்க்கும் என்றார், சேரன்மகாதேவியில் அரசமரத்தடிப் பிள்ளையார் சோழநாட்டிலிருந்து கோபித்துக்கொண்டு நடந்தே வந்தவர், பாதத்தைப் பார், வெடிப்பு தெரியும் என்றார், கல்லிடைக்குறிச்சியில் ஆற்றுக்கு அடியில் இன்னொரு கல்லிடைக்குறிச்சி இருக்கிறது, அங்கே அப்பளம் காய்வதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம் என்றார், ஆவுடையப்பன் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினான், பழைய ஹாஸ்டல் சட்டம் அது, விளக்கணைத்த பிறகு குற்றாலிங்கம் சொல்லவேண்டும், ஆவுடையப்பன் ம் கொட்டவேண்டும், ம் நின்றால் கதை நின்றுவிடும், நடுவில் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, உண்மையா என்று கேட்கவே கூடாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ம் எங்கே விழவேண்டுமோ அங்கே விழுந்தது, தாளம் தெரிந்தவன் தட்டுகிற மாதிரி. ஒரு கோயிலில் கார் டிரைவர் இசக்கி பாடுகிற தூணைத் தட்டிக் காட்டினபோது மட்டும் ஆவுடையப்பன் எல்லாரும் தலையாட்டி முடித்த பிறகு தலையாட்டினான், அதை குற்றாலிங்கம் பார்த்தார், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இன்றைக்கு மாறன்மங்கலம். இசக்கி சொன்ன ஊர். "கூட்டமே இருக்காது அண்ணாச்சி, பழைய படித்துறை, கல் மண்டபம், பாக்க ஆளில்லாம கெடக்கு" என்றான். வந்து பார்த்தால் தெரு முழுக்க வீடுகளில் பூட்டு, தொல்பொருள் துறைப் பலகையில் இருந்த எழுத்து முழுவதையும் துரு தின்றிருந்தது, ஊரின் வரலாறு என்று ஒரு வரி கூட மிச்சமில்லை, அதைப் பார்த்ததும் குற்றாலிங்கத்துக்கு நல்ல பசி எடுத்தது.

பங்குனி மாதத்துத் தாமிரபரணி. பாதி மணல், பாதி தண்ணீர். கரையில் மருதமரங்கள் வேர்களைத் தண்ணீருக்குள் இறக்கிக் காலை நனைத்துக்கொண்டு நின்றன. அசைவே இல்லை. ஆவுடையப்பன் எல்லா ஊரிலும் செய்வதுபோல முதல் காரியமாகக் கடைசிப் படிக்கு இறங்கி, குனிந்து, பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்தான், பாட்டில் குடித்த குடியில் அந்த இடத்தில் தண்ணீர் ஒரு கணம் குழிந்து மூடியது. ஊருக்கு ஒரு பாட்டில். அங்கே வீட்டில், செத்துப்போன மனைவி கோமதி படத்துக்கு முன்னால் வைப்பதற்கு. "எங்க ஊர்லயும் ரெண்டு ஆறு ஓடுதுடே. ஆனா அவ கடைசி வரை இந்தத் தண்ணியைத்தான் தண்ணிம்பா" என்றான் முதல் நாளே. மூடியைத் திருகிப் பாட்டிலைப் படியில் வைத்தான், துண்டை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தான், முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைப் பிரித்தான். குற்றாலிங்கம் தண்ணீரைப் பார்த்தார், தண்ணீர் பச்சையாக, நிதானமாக, அவரைப் பார்த்தது, கடைசிப் படியின் விளிம்பில் பாசி தலைமயிர் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து அலைந்தது, தலைமயிர், ஆம், அங்கேதான் பிடி கிடைத்தது, ஒரு பெண், தண்ணீருக்குள் ஒரு பெண், அவர் ஆற்றை நோக்கி நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதலில் முடிவு வந்தது. அவருக்கு எப்போதும் முடிவுதான் முதலில் வரும், கூரையைப் போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிற கொத்தனார் அவர். நல்ல முடிவு. நாக்கின் நுனியில் கற்கண்டு மாதிரி வந்து உட்கார்ந்தது. அதை அங்கேயே பத்திரப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தார். "இந்தப் படித்துறையைக் கட்டினவன் ஒரு தளவாய்." "ம்." "தளவாய்க்கு ஒத்தைக்கொரு பொண்ணு. கூடப்பொறந்தது ஒண்ணு கெடையாது. பொறவி ஊமை. இடது கால்ல மட்டும் கொலுசு போட்டிருப்பா, அவ வர்றது ஊருக்குத் தெரியணும்லா. வாயில வர்றது ஒரே ஒரு சத்தம்." "ம்." "அதேதான்" என்றார் குற்றாலிங்கம். தண்ணீரின் மேல் ஒரு மீன்கொத்தி கோடு போட்டுக்கொண்டு போனது.

"ஊமைன்னா ஊருக்கு எவ்வளவு வசதி பாத்துக்கோ. எல்லாப் பயலும் அவகிட்ட வந்து கொட்டுவான். எல்லைக்கல்லை நகத்தி வச்சவன், அண்ணன் பொண்டாட்டி மேல கண்ணு வச்சவன், சாமி நகையில கல்லை மாத்தினவன். எல்லாத்துக்கும் அவ ம்னு சொல்லுவா. வெளிய ஒரு சொல்லு போவாது. உண்டியலைவிட அவ நெறைஞ்சு கெடந்தா." "ம்." "அப்பதான் மலையாளத்துலேர்ந்து ஒரு வைத்தியன் வந்தான். நாக்குக்கு அடியில ஒரு வேரை வச்சா இவ பேசிருவான்னான். ஊரே வெளிறிப்போச்சு." "ம்." கதை நன்றாக வந்துகொண்டிருந்தது, இப்படி வந்து நாளாயிற்று, ம் கூட இன்றைக்கு வழக்கத்தைவிடக் கனிந்து வந்தது, கொஞ்சம் ஈரமாக, கொஞ்சம் கீழேயிருந்து, ஆவுடையப்பன் வாயில் முந்திரிக்கொத்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். "ஆடி மாசம். வெள்ளம் ஏறிக்கிட்டு இருக்கு. கதை சொல்லுதோம் வாட்டின்னு கூப்பிட்டு அவளைக் கடைசிப் படியில உக்கார வச்சாங்க. ஊரே மேல் படியில நின்னு மாத்தி மாத்திக் கதை சொல்லிச்சு. தண்ணி முட்டுக்கு வந்தது. அவ எந்திரிக்கலை, கதை முடியலையே. இடுப்புக்கு வந்தது. ம்ங்கா. கழுத்துக்கு வந்தது. ம்ங்கா. வாய்க்கு மேல தண்ணி போன பொறவும் குமிழி குமிழியா ம் வந்துட்டு இருந்தது. அப்புறம் அந்தப் பயலுவோ கதையை முடிக்காமலே வீட்டுக்குப் போயிட்டானுவோ." இங்கே ஒரு இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் ம் விழவில்லை. சரிதான், இந்த இடத்தில் விழக்கூடாது, ஆவுடையப்பனுக்குத் தெரியும். "அன்னையிலேர்ந்து இந்தத் துறையில எவனும் கதை சொல்றதில்லை. சொன்னா அவ கேப்பா. முடிச்சேன்னு வை, அவளுக்கு முடிவு சொன்ன ஒரே ஆளு நீதான், விடுவாளா, கூடவே வச்சுக்குவா. முடிக்காம எந்திரிச்சுப் போனேன்னு வை." "ம்?" "மிச்சத்தைக் கேக்க வீட்டுக்கு வந்துருவா. வரும்போது தெருவைப் பாத்தியா? எல்லா வீட்டுலயும் பூட்டு. ஏன்னு நெனைச்சே?" அந்த இடத்தில் ஆவுடையப்பன் முகத்தைப் பார்க்கவேண்டும், ஒரு கதையில் அவர் எடுத்துக்கொள்கிற ஒரே கூலி அதுதான், அவர் திரும்பினார்.

பக்கத்தில் யாரும் இல்லை. பிரித்த பொட்டலம் இருந்தது, அதில் எறும்பு வரிசை பிடித்திருந்தது. பாட்டில் இருந்தது. துண்டு இல்லை. வலது கண்ணில் இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை, அந்தப் பக்கம் எப்போதும் சாம்பிராணிப் புகைதான், அதனால் முழு உடம்பையும் திருப்பி இடது கண்ணால் தேடினார், மேல் படி, மருதமரம், மரத்தடியில் கார், காரில் சீட்டைச் சாய்த்துப் போட்டுக் கால் இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூங்குகிற இசக்கி, அதற்கும் அந்தப் பக்கம், அங்கே தூரத்தில் கல் மண்டபத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மனுஷன் போனை உயர்த்திப் பிடித்து மண்டபத்தின் விதானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தோளில் துண்டு. எப்போது போனான். எறும்பு வரிசை பிடிக்கிற அளவுக்கு முன்னால் போயிருக்கிறான். எறும்புக்கு எவ்வளவு நேரம் ஆகும், சின்ன எறும்புதான், வேகமாக வரும், அது முந்திரிக்கொத்து, வெல்லம், வாசனைக்கே வரும், இல்லை, ஒன்றிரண்டு வரும், வரிசை பிடிக்காது, வரிசை பிடிக்க வேண்டுமென்றால் ஒன்று போய் இன்னொன்றிடம் சொல்லவேண்டும், அது ம் என்று கேட்கவேண்டும். அப்படியானால் வைத்தியன் வந்தபோது ம் கொட்டியது யார். புறா என்று நினைத்தார். மண்டபத்துப் புறா ம் ம் என்றுதான் குமுறும். ஆனால் புறா நினைத்தபோது குமுறும், அடுத்தவன் நிறுத்துகிற இடத்தில் குமுறாது. அக்கரையில் பம்புசெட் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்தார், ஓடவில்லை. தவளை. பகலில் தவளையா. தன் தொண்டையே போட்டிருக்கும், வயசான காலத்தில் தொண்டை தன்னிஷ்டத்துக்குச் செருமும், அப்படியென்றால் அந்த ம்? என்று கேள்வியாக வந்ததே ஒன்று, என் தொண்டை என்னையே கேள்வி கேட்குமா, கேட்டாலும் கேட்கும், அதற்கும் தெரியும் நான் சொல்வது பொய் என்று. அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது, கால் இரண்டும் தண்ணீருக்குள் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உட்காரும்போது தண்ணீர் ஒரு படி கீழே இருந்தது. இருந்ததா. இருந்தது என்று நினைத்தார். கால்தான் தானாக ஒரு படி இறங்கிவிட்டதோ.

சவத்த விடு, எந்திரிச்சுப் போவோம் என்று மனசு சொன்னது, சொன்ன மாத்திரத்தில் அதே மனசு, எந்திரிச்சுப் போனால் என்ன ஆகும் என்று நீதானே இப்போது சொன்னாய் என்றது. நான்தான் சொன்னேன், நான் சொன்னது பொய். பொய்தானே. பாசியைப் பார்த்துக் கட்டினது, தளவாயும் கிடையாது வைத்தியனும் கிடையாது, இந்த ஊருக்கு நான் இதற்கு முன்னால் வந்ததே கிடையாது, பலகையில்தான் எழுத்தே இல்லையே, எழுத்தே இல்லை என்றால் நான் சொன்னதுதான் அந்த எழுத்தாக இருக்கக்கூடாது என்று யார் சொன்னது, வாழ்நாள் முழுக்கக் கூடை கூடையாகக் கல்லெறிந்தவன், ஏதாவது ஒரு கல் ஏதாவது ஒரு மண்டையில் படாமலா இருக்கும். உள்ளங்காலில் ஏதோ உரசியது. கெண்டை. கெண்டைதான், படித்துறைக் கெண்டை காலைக் கொறிக்கும், எல்லா ஊரிலும் கொறித்தது. ஒரு சோதனை வைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது, தோன்றியிருக்கக் கூடாது, ஆனால் எழுபது வருஷக் குறும்பு, புற்றைப் பார்த்தால் குச்சியை விடாமல் இருக்காது. ஆற்றைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, பேச்சுவாக்கில் விடுகிற மாதிரி சொன்னார். "அவ நடந்து வந்தா வலது கால் கொலுசுச் சத்தம் தெரு முழுக்கக் கேக்கும்." மீன்கொத்தி எங்கோ ஒரு மரத்தில் கத்தி நிறுத்தியது. ஒரு இலை விழுந்து தண்ணீரில் சுற்றாமல் நின்றது. "ம்?" என்று வந்தது. முழங்காலுக்குக் கீழேயிருந்து, கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவிலிருந்து, பணிவாக. இடது காலென்றுதானே சொன்னீர்கள் என்று கேட்கிற ம்.

பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றதை அவரால் உணர முடிந்தது. பயத்துக்கு அடியில், அந்தப் பயத்தைவிட மோசமாக, இன்னொன்றும் எழுந்து நின்றது. சந்தோஷம். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவரைப் பிடித்ததில்லை. ஒரு கதையில் ராஜாவுக்கு மூக்கு இருக்காது, அதே கதையின் கடைசியில் ராஜா மூக்கைச் சிந்துவான், கல்யாண வீட்டுப் பந்தியில் அத்தனை பேரும் சிரிப்பார்கள், ஒரு பயல் கவனித்ததில்லை, பொண்டாட்டி கவனித்ததில்லை, ஆவுடையப்பன்கூட ம் என்று தாண்டிப் போயிருக்கிறான். கொலுசு எந்தக் காலில் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்கிற ஒரு காது. "இடது கால்தான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்று அவர் வாய் தன்னால் சொன்னது. "ம்" என்று வந்தது, திருப்தியாக. நாக்கு நுனியில் முடிவு ஊறிக்கொண்டிருந்தது. அது வெளியே வர முண்டியது, அவர் பல்லைக் கடித்தார், முடிவை வைத்துக்கொண்டு சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை, தும்மலை அடக்குகிற மாதிரி இருந்தது, நாலு வாக்கியம்தான், அந்த ஊமைப்பெண் என்ன ஆனாள் என்று நாலு வாக்கியம், சொல்லிவிட்டால் இவளுக்கு இத்தனை காலத்துத் தாகம் தீரும், என்னைக் கூட வைத்துக்கொள்வாள், வைத்துக்கொண்டால்தான் என்ன, அங்கே மொசைக் தரை கிடையாது, அப்படியா மாமா கிடையாது. தண்ணீர் கணுக்காலுக்கு மேலே குளிர்ந்தது. பாசி சாய்ந்திருந்த பக்கம் மாறியிருந்தது, அவரைப் பார்த்து. "அப்புறம்" என்று வாய் ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் குற்றாலிங்கம் கையை ஊன்றி, பிரிந்த வேட்டியோடு, முழங்கால் முனகியதோ அலறியதோ, மேல் படிக்கு ஏறினார், அதற்கு மேல் படிக்கு ஏறினார், பாட்டிலை எடுக்கவில்லை, மறந்து அல்ல, பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை, கடைசிப் படித் தண்ணீர் அதில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அது காத்திருக்கிற மௌனம். அவருக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும், அவர் விடுகிற இடைவெளிகளில் விழுகிற அதே மௌனம்.

மணலில் கால் புதைய மண்டபத்துக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தார், ஆவுடையிடம் சொல்லிவிட வேண்டும், ம் கொட்டிக் கேட்பான், அவன் ம் போட்டுவிட்டால் இதுவும் கதையாகிவிடும், கதையாகிவிட்டால் பயமில்லை, ஆனால் எப்படிச் சொல்வது, வாழ்நாளில் ஒரே ஒரு நிஜம் கிடைத்திருக்கிறது, அது என்னிடமா வந்து சேரவேண்டும், இதை ஒரு யோக்கியன் கண்டிருந்தால் ஊர் நம்பும். வௌவால் எச்சத்தின் காரநெடி. ஆவுடையப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தூணின் சிற்பத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "ஏல ஆவுடை." திரும்பவில்லை. "ஆவுடை." விதானத்திலிருந்து புறாக்கள் படபடவென்று கிளம்பின, சிறகுச் சத்தம் மண்டபம் முழுக்கச் சிதறியது, அதற்கும் அவன் திரும்பவில்லை, தூணைத் தடவிக்கொண்டே இருந்தான். குற்றாலிங்கத்துக்கு அந்தப் பாடுகிற தூணும் கடைசியாக ஆடிய தலையும் ஞாபகத்துக்கு வந்தன. கிட்டே போய்த் தோளைத் தொட்டார், ஆவுடையப்பன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். "ஏல மூதி, எப்ப வந்தே? கொன்னுருவ போலிருக்கே."  குற்றாலிங்கம் தன் தோள் துண்டை எடுத்து, முகம் துடைப்பவர் மாதிரி வாயை மூடிக்கொண்டு, துண்டுக்குள்ளிருந்து நிதானமாகக் கேட்டார். "உன் பொண்டாட்டி பேரு என்னல?" ஆவுடையப்பன் அவர் கண்ணைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், தொண்டையைப் பார்த்தான். சிரித்த முகத்தோடு சொன்னான். "ம்."

துண்டைக் கீழே இறக்கினார்.  "எப்பலேர்ந்து?" என்று குற்றாலிங்கம் வாயை அகலமாகத் திறந்து கேட்டார். "அதான் கண்டுபிடிச்சிட்டியே. கத்தாத, எப்படியும் கேக்காது. ரெண்டு வருசமாவுது. இரும்படிச்ச காதுலா, ஒரேயடியா மூடிட்டு." "மெஷின் இல்லையா?" "பெட்டியில கெடக்கு. போட்டா மண்டைக்குள்ள மாவு மில்லு ஓடுது." "அப்போ இந்த வாரம் பூரா நான் சொன்னது?" "ஒரு அட்சரம் கேக்கல. இப்படி ஒண்ணு ரெண்டு சொல்லுன்னா உதட்டைப் பாத்துப் புடிச்சுருவேன், உன் கதை வேகத்துக்கு ஆவாது." இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஆனா ம் சரியா விழுந்துதுல்லா? நீ நிறுத்துதுக்கு முன்னால தொண்டைக்குழி ஒரு தரம் ஏறி எறங்கும். ஹாஸ்டல்ல இருந்தே அப்படித்தான். அதைப் பாத்தா போதும். இன்னைக்குத்தான் நீ ஆத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துட்டே. ஒண்ணும் தெரியல. சரி, பய தன்னால சொல்லிட்டு இருக்கட்டும், செத்த நேரம் மண்டபத்தைப் பாப்பம்னு எந்திரிச்சு வந்துட்டேன்." "எப்ப?" "நீ ஆரம்பிச்ச உடனேதான்." ஆரம்பித்த உடனே. தளவாய்க்கு விழுந்த ம் கூட இவனுடையது இல்லை. "ஏன்டே சொல்லல?" "சொன்னா நீ நிறுத்திருவே. கடைசியா ஒரு தரம் உன் வாய் ஆடுறதைப் பாக்கத்தானே வந்தேன்" என்றான் ஆவுடையப்பன், சொல்லிவிட்டு மறுபடியும் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், அதில் ஒரு யாளி, வாய்க்குள் கல் உருண்டையை வைத்துக்கொண்டு முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றது. சொல்ல வந்ததைக் குற்றாலிங்கம் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது.

இசக்கி முகம் கழுவிவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினான். ஆவுடையப்பன் காலை நீட்டவேண்டும் என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டான், குற்றாலிங்கம் பின்னால். கதவைச் சாத்தப் போகும்போது இசக்கி முன்னாலிருந்து திரும்பிக் கையை நீட்டினான். "என்ன அண்ணாச்சி, இதை மறந்துட்டியளே. நல்லவேளை, மொகம் கழுவ எறங்கினேன், படியில இருந்துச்சு." பாட்டில். வெளிப்புறம் ஈரம். அவர் கை தானாக வாங்கிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார், இத்தனை ஆயிரம் பொய் சொன்ன வாயில் சமயத்துக்கு ஒரு சின்னப் பொய் வரவில்லை. கார் நகர்ந்தது. பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, ஒரு வீட்டு வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம் இன்னும் தொங்கியது, இவர்களும் பாதிக் கதையில் எழுந்து போனவர்களா, இல்லை, மெட்ராஸ் போனவர்கள், மகன் வீட்டுக்குப் போனவர்கள், அதுவும் அதேதான். நாளைக்கு ரயில். இந்தப் பாட்டில் ஜாம்ஷெட்பூர் போகும், கோமதி படத்துக்கு முன்னால் உட்காரும், மிச்சத்தைக் கேட்கக் காத்திருக்கும், அந்த வீட்டில் கதை சொல்கிறவன் இல்லை, இருக்கிற ஒருத்தனுக்குக் காதும் இல்லை, அங்கே ராவும் பகலும் அது ம் ம் என்று கேட்டுக்கொண்டு கிடக்கும், அவன் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். தண்ணீருக்கு அடியில் கிடந்ததைவிட அது கொடுமை. கண்ணாடியை இறக்கி வெளியே ஊற்றிவிடலாம். மூடியில் கை வைத்தார். ஊற்றினால் ரோட்டில், வெயிலில், லாரி டயருக்கு அடியில். கையை எடுத்தார். இசக்கிக்குக் கேட்காத குரலில், உதடு மட்டும் அசைகிற மாதிரி, சும்மா ஒரு சொல் சொல்லிப் பார்த்தார். "தளவாய்." பாட்டிலுக்குள் தண்ணீர் வண்டியின் குலுக்கலுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் நின்றது. வண்டி குலுங்கியது, தண்ணீர் குலுங்கவில்லை. "ம்."

வெகுநேரம் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பயம் இருந்தது, முழங்கால் வலி மாதிரி அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. முடிவு நாக்கு நுனியில் இன்னும் இருந்தது. நல்ல முடிவு, இதைவிட நல்ல முடிவு அவருக்கு வந்ததில்லை, ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், பிறகு யாளி செய்ய முடியாததைச் செய்தார், எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. முன் சீட்டில் ஆவுடையப்பனின் தோளைத் தட்டினார், அவன் திரும்பினான். "ஆவுடை, இந்த ஒரு பாட்டிலை எனக்கு விட்டுட்டுப் போறியா? கோமதிக்கு மத்ததெல்லாம் இருக்குலா." அவன் புரிந்துகொண்டானோ இல்லையோ, அவர் தொண்டையையே பார்த்திருந்து, சரியான இடத்தில், "ம்" என்றான். சிரித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். குற்றாலிங்கம் பாட்டிலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தரம் திருகிப் பார்த்தார். பிறகு குனிந்து, அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி, கதையில் இதுவரை இல்லாத ஒரு புதுக் கிளையைத் திறந்தார். "அந்தத் தளவாய்ப் பொண்ணுக்கு ஒரு தங்கச்சி இருந்தா."

மடியில் பாட்டில் கொஞ்சம் கனத்தது.

"ம்?"